கையை அளந்து கையுறை வாங்குங்கள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்களில் பலர் ஆரோவில் திருப்பத்தில் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். திரும்பாமல் நேரே இன்னும் அரை மணி நேரம் போனால் மரக்காணம் வரும். கழுவேலிச் சதுப்புநிலத்துக்கும் கடலுக்கும் நடுவில், சதுரம் சதுரமாக வெட்டிய பாத்திகளும் கீற்றால் மூடிய வெள்ளைக் குவியல்களுமாக உப்பளங்கள் விரிந்து கிடக்கும். கழுவேலியை 2021இல் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் அது உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே வந்து இறங்கும் பறவைகளைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். அதே தண்ணீருக்குப் பக்கத்தில் விடியுமுன் வேலைக்கு இறங்கும் மனிதர்களின் கைகளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கோடையில் ஒருநாள் அங்கே வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். நட்டுவைத்த குச்சியின் தலையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை மாட்டிக் கிடந்தது. கீழே, அறுபதை நெருங்கும் ஓர் அம்மா வெறுங்கையால் கூடைக்கு உப்பு அள்ளிக்கொண்டிருந்தார். கையுறையைப் போடவில்லையா என்று கேட்டேன்.

"குடுத்தாங்க தம்பி, போட்டுத்தான் பாத்தேன். வெரலு முன்னாடி நீட்டிக்கினு தொங்குது. கூடைய புடிச்சா வழுக்கிக்குது. செத்த நேரத்துல உள்ள கையி வெந்து பூடுது. இதுக்கு வெறுங்கையே தேவல."

சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். உள்ளங்கை முழுவதும் காய்த்துப்போய், ரேகை இருந்த இடமெல்லாம் வெடிப்பு ஓடியிருந்தது. வெடிப்புக்குள் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. கட்டை விரல் நுனி பிளந்திருந்ததால் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். அவருக்குக் கொடுத்த கையுறை குச்சியில் இருந்தது. அவரே தேடிக்கொண்ட கையுறை அந்தக் கிழிசல்தான்.

அளத்தை நடத்துகிறவர்களிடம் கேட்டால், "வாங்கித்தான் தருகிறோம், அவர்கள்தான் போடமாட்டேன் என்கிறார்கள்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. கையுறை வாங்கியதும் உண்மை, போட முடியாமல் போனதும் உண்மை. இடையில் ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கையுறையை வாங்குவதற்கு முன்னால் யாரும் அந்த அம்மாவின் கையை அளந்து பார்க்கவில்லை. அவர் அதைப் போட்டுக்கொண்டு என்ன வேலை செய்யப்போகிறார் என்றும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த விட்டுப்போன வேலையைப் பற்றியது.

உப்புநீர் கையை என்ன செய்கிறது?

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அதில் நாள் முழுக்கக் குளித்தாலும் தோலுக்குப் பெரிய கேடு வராது. அளத்துத் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்து, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 3 டிகிரியாக இருந்த நீரை 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே உப்பு படியத் தொடங்கும். அந்த நிலையில் ஒரு லிட்டரில் 300 கிராமுக்கு மேல் உப்பு கரைந்திருக்கும். மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறதே, அதே காரியத்தை இந்தத் தண்ணீர் தோலில் செய்கிறது. மேல்தோலில் உள்ள ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. ஈரம் போன தோல் வளைந்து கொடுக்காது. உப்பு வாரும் பலகையின் காம்பை இறுக்கிப் பிடிக்கும்போது மடிப்பு விழும் இடமெல்லாம் வெடிக்கிறது.

அடுத்தது உராய்வு. உப்பு என்றால் நமக்கு அடுக்களைத் தூள் நினைவுக்கு வரும். அளத்தில் அது கூர்முனை உள்ள கல். ஏற்கெனவே வெடித்த தோலின் மேல் அந்தக் கல் ஒரு நாளில் எத்தனையோ முறை உரசுகிறது. உப்பை வாரி எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீர் இன்னும் பொல்லாதது. மக்னீசியம் உப்புகள் மிகுந்த அந்தத் தண்ணீர் புண்ணில் பட்டால் தீ பட்டதுபோல் எரியும்.

ஆக, உப்பளத்துக் கையுறை இரண்டு எதிரிகளைத் தடுக்க வேண்டும். ஒன்று உறிஞ்சும் தண்ணீர், மற்றொன்று அறுக்கும் கல். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் தாங்க வேண்டும். அது வெயில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வது அதில் தெரியவந்தது. அந்த வெப்பத்தில் காற்றுப் புகாத ரப்பருக்குள் கையை விட்டால் சில நிமிடங்களில் வியர்வை கட்டிக்கொள்ளும். வியர்வையிலும் உப்பு உண்டு. "உள்ள கையி வெந்து பூடுது" என்று அந்த அம்மா சொன்னது சாக்கு அல்ல. அது துல்லியமான நோயறிகுறி.

குளிர்கடல் சொல்லும் பாடம்

உலகத்தில் கையுறையைப் பற்றி மிகக் கவனமாக யோசித்த தொழிலாளிகள் யார் என்று பார்த்தால், குளிர்கடலில் மூழ்கி வேலை செய்பவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். பாலத்தின் அடித்தூணைப் பார்ப்பது, கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்ப்பது, கடலடிக் குழாய்களை இணைப்பது எல்லாம் அவர்கள் வேலை. நம் வங்கக் கடல் வெதுவெதுப்பானது. புதுச்சேரி கடலில் இறங்குபவருக்கு அந்தக் குளிர் தெரியாது. ஆனால் வட கடல்களில் தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். விரல் மரத்துப்போனால் திருகாணியைப் பிடிக்க முடியாது, காற்றுக் குழாயின் வால்வையும் திருக முடியாது. அங்கே கையுறை உயிரோடு சம்பந்தப்பட்டது.

அவர்கள் பயன்படுத்தும் நீர்புகாக் கையுறையை இரண்டு உறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெளியே தண்ணீர் புகாத ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை. உள்ளே கம்பளி போன்ற மெல்லிய உறை. வெளியுறையின் வேலை தண்ணீரைத் தடுப்பது மட்டும்; சூட்டைக் காப்பதும் வியர்வையை வாங்குவதும் உள்ளுறையின் வேலை. மணிக்கட்டில் வளையம் வைத்து உடையோடு பூட்டுகிறார்கள். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கையுறையை நசுக்கும் என்பதால், உடைக்குள் இருக்கும் காற்று கைக்கும் வந்துபோக வழி விடுகிறார்கள். இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து கை இன்னும் சீக்கிரம் குளிரும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே காற்றுப் பை கட்டிக்கொண்டு விரல் சொன்னபடி கேட்காது. அதனால் உள்ளுறையைப் போட்ட கையோடுதான் வெளியுறைக்கு அளவு பார்ப்பார்கள். ஊசித்துளை விழுந்தால்கூட அந்தக் கையுறையை ஒதுக்கிவிடுவார்கள்.

இதிலிருந்து உப்பளம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. தண்ணீரைத் தடுக்கும் உறையும் தோலைத் தொடும் உறையும் வேறு வேறாக இருக்கலாம். கையுறையின் அளவு என்பது அழகுக்கானதல்ல, அதுவே பாதுகாப்பு. ஓட்டை விழுந்த கையுறை, கையுறையே இல்லாததைவிடக் கெடுதல். ஏனென்றால் உள்ளே புகுந்த உப்புநீர் வெளியேற வழியில்லாமல் தோலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பாடத்துக்காக வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கத்துக் கிராமங்களின் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி பரிசு பெற்றார். பாறையும் பவளமும் விரலை அறுக்காமல் இருக்க இந்தப் பெண்கள் ஒவ்வொரு விரலிலும் துணிக் கீற்றைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். கடையில் கிடைக்கும் கையுறை விரலின் உணர்வைக் கொன்றுவிடும் என்பதும், உணர்வு போனால் பாசி எது பாறை எது என்று கைக்குத் தெரியாது என்பதும் அவர்கள் அனுபவத்தில் கண்டது. அறுக்கும் இடம் எதுவோ அந்த இடத்துக்கு மட்டும் கவசம், மற்ற இடத்துக்குச் சுதந்திரம். மரக்காணத்து அம்மா கட்டை விரலில் கிழிசலைச் சுற்றிக்கொண்டதும் அதே அறிவினால்தான். தொழிலாளிக்குப் பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு முடிச்சுகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தக் கையுறை?

உப்பள வேலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது நான்கு வேலைகள் இருக்கின்றன. சேற்றையும் கசப்பு நீரையும் தொட்டுப் பாத்தியைச் சீர்செய்வது முதலாவது. நீண்ட காம்புள்ள பலகையால் உப்பை வாரிக் கரை சேர்ப்பது இரண்டாவது. கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவது மூன்றாவது. உலர்ந்த உப்பை மூட்டை பிடிப்பதும் ஆலையில் அரைப்பதும் நான்காவது. இந்த நான்குக்கும் ஒரே கையுறை வாங்கிக் கொடுத்தால் நான்கிலும் தோற்கும்.

தண்ணீருக்குள் கை போகும் முதல் வேலைக்கு, முழங்கைக்குக் கீழ்வரை நீண்ட நீர்புகாக் கையுறை வேண்டும். மணிக்கட்டோடு முடிகிற கையுறைக்குள் முதல் குனிதலிலேயே தண்ணீர் புகுந்துவிடும். நீண்ட கையுறையிலும் மேல் விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெளிப்புறமாக மடித்துவிட்டால், கையைத் தூக்கும்போது வழியும் நீர் அந்த மடிப்பில் தங்கும், முழங்கைக்கு ஓடாது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று தனியாகப் போட்டுக்கொள்ளலாம். நனைந்ததும் உள்ளுறையை மட்டும் மாற்றினால் போதும்.

பலகை பிடித்து வாரும் இரண்டாவது வேலையிலும், கூடை தூக்கும் மூன்றாவது வேலையிலும் கை தண்ணீரில் மூழ்குவதில்லை. உள்ளங்கையும் விரல்களும் உரசுகின்றன, புறங்கை காற்றில் இருக்கிறது. இங்கே முழு ரப்பர் உறை போட்டால் கை வேகத்தான் செய்யும். பின்னல் துணியில் நெய்து, உள்ளங்கைப் பக்கம் மட்டும் ரப்பர் அல்லது நைட்ரைல் பூசிய கையுறை இதற்குப் பொருத்தம். கட்டட வேலைக்கும் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கும் வாங்கும் கையுறைதான் அது. புறங்கை வழியாகக் காற்று போய்வரும், பூச்சு சொரசொரப்பாக இருப்பதால் கூடை விளிம்பு வழுக்காது. குறை என்னவென்றால், புறங்கை நனைந்தால் துணி உப்புநீரைக் குடித்துக்கொள்ளும். அதனால் இதைத் தண்ணீர் வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது, நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

மூட்டை பிடிக்கும் வேலைக்கும் இந்தப் பின்னல் கையுறையே போதும். ஆனால் அரைக்கும் எந்திரம், சுழலும் பட்டை, உருளை உள்ள இடத்தில் கையுறை போடவே கூடாது. தொங்கும் விரல் நுனியைப் பட்டை கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். எங்கே கையுறை வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதைப் போலவே, எங்கே கழற்ற வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இனி, எந்தப் பொருளில் செய்தது என்ற கேள்வி. இயற்கை ரப்பர் நன்றாக இழுபடும், கையோடு படியும், உப்புநீர் அதை ஒன்றும் செய்யாது. வெயிலும் எண்ணெயும் அதற்கு ஆகாது. கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அப்படியே ரப்பர் கையுறைக்குள் கையை விடுகிற பழக்கம் உண்டு. அந்த எண்ணெயில் ரப்பர் ஊறி, தளர்ந்து, சீக்கிரம் கிழியும். எண்ணெயை இரவில் தடவிக்கொள்வது நல்லது. சிலருக்கு ரப்பரே ஒவ்வாது. போட்ட சிறிது நேரத்தில் அரிப்பும் தடிப்பும் வந்தால் அவருக்கு வேறு பொருளில் வாங்கித் தர வேண்டும், பழகிவிடும் என்று சொல்லக் கூடாது. நைட்ரைல் எண்ணெயையும் கீறலையும் தாங்கும், ஆனால் ரப்பர் அளவுக்கு இழுபடாது, எனவே அளவு இன்னும் சரியாக இருக்க வேண்டும். நியோப்ரீன் வெயிலை நன்றாகத் தாங்கும், விலை கூடுதல். பிவிசி மலிவு, உப்புக்கும் அசையாது, ஆனால் விறைப்பானது. விரலை மடக்கவே பலம் செலவாகும். தோல் கையுறையை உப்பளத்துப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஒருமுறை உப்புநீரில் நனைந்து காய்ந்தால் அது கட்டையாக இறுகி, அதுவே கையை அறுக்கத் தொடங்கும்.

கனமான கையுறை நீடித்து உழைக்கும் என்று நினைத்து வாங்குவதும் தவறான கணக்கு. கனம் கூடினால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் தொழிலாளி இன்னும் இறுக்கிப் பிடிப்பார். மாலைக்குள் முழங்கை வரை வலிக்கும், மறுநாள் கையுறை குச்சிக்குப் போகும். போடாத கையுறை பத்து வருடம் உழைத்தாலும் யாருக்குப் பயன்? நாள்தோறும் போடக்கூடிய அளவுக்கு மெல்லியதும், ஒரு பருவம் தாங்கும் அளவுக்குத் தடித்ததும் எது என்பதை வேலை செய்யும் கைதான் சொல்ல வேண்டும்.

அளவு எடுப்பது எப்படி?

இதற்குத் தையல்காரரின் அளவு நாடா ஒன்று போதும். வேலைக்குப் பயன்படும் கையை விரித்துவைத்து, கட்டை விரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் கணுவைச் சுற்றி நாடாவை இறுக்காமல் பிடியுங்கள். எத்தனை அங்குலம் வருகிறதோ அதுவே கையுறையின் எண். 7 அங்குலம் என்றால் 7ஆம் எண், 8 அங்குலம் என்றால் 8ஆம் எண். உலக அளவில் தரமான கையுறைகளுக்கு எண் போடும் முறை இதுதான்: 7ஆம் எண் என்பது சுற்றளவில் 178 மில்லிமீட்டர், 8 என்பது 203, 9 என்பது 229. இரண்டு எண்களுக்கு நடுவில் வந்தால், உள்ளே பருத்தி உறை போடுபவர் பெரியதையும், போடாதவர் இரண்டையும் போட்டுப் பார்த்துப் பிடித்ததையும் எடுத்துக்கொள்ளட்டும்.

விரல் நீளத்தையும் பார்க்க வேண்டும். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை உள்ள நீளம் 7ஆம் எண்ணுக்கு 171 மில்லிமீட்டர், 8க்கு 182. உப்பள வேலையில் பெண்கள் ஏராளம். அவர்களில் பலரின் கை 6, 7 எண்களில் அடங்கும். மொத்தமாக வாங்கும்போது கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் 9ஆம் 10ஆம் எண். அதனால்தான் அந்த அம்மாவுக்கு விரல் "நீட்டிக்கினு" தொங்கியது. ஆண் கைக்கு வார்த்த கையுறையைப் பெண் கைக்குக் கொடுத்துவிட்டு, போடவில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது.

எண் சரியாக வந்தபிறகும் நான்கு சோதனைகள் செய்யலாம். கையுறையைப் போட்டு முஷ்டியை இறுக்க மூடுங்கள். விரல் இடுக்கில் இழுத்துப் பிடித்தால் சிறியது, உள்ளங்கையில் மடிப்பு திரண்டு நின்றால் பெரியது. தரையில் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாவிட்டால் விரல் நுனி நீளம் அல்லது பொருள் தடிப்பு. நனைந்த பலகைக் காம்பைப் பிடித்து நாலு தடவை இழுங்கள். கை உள்ளே வழுக்குகிறதா, கையுறை காம்பில் வழுக்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு குறைகள். முதலாவது அளவின் குறை, இரண்டாவது பூச்சின் குறை. கடைசியாக, நீர்புகாக் கையுறையின் வாயை முறுக்கிக் காற்றை அடைத்துக் கன்னத்தின் அருகே வைத்து அழுத்துங்கள். ஓட்டை இருந்தால் காற்று கன்னத்தில் படும். இந்தக் கடைசிச் சோதனையை வாங்கும்போது மட்டுமின்றி, வேலைக்கு இறங்கும் முன் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். கால் நிமிடம் ஆகும்.

வாங்கிய பிறகு

நல்ல கையுறையையும் இரண்டு வாரத்தில் கெடுத்துவிடலாம். வேலை முடிந்ததும் அப்படியே கழற்றி எறிந்தால் உள்ளே உள்ள உப்புநீர் காய்ந்து கல்லாகிவிடும். மறுநாள் கையை விட்டால், உள்ளே மணல்தாள் வைத்தது போலிருக்கும். நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் ரப்பர் வெடிக்கும். வரப்புக் குச்சி கையுறைக்கு மிக மோசமான இடம்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. அளத்தில் குடிக்கவே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு. கையுறை அலசத் தண்ணீர் எங்கே? எனவே கையுறை வாங்குகிறவர் ஒரு டிரம் நல்ல தண்ணீரையும், நிழலுக்கு ஒரு கொட்டகையையும் சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு ஜோடி போதாது, இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று கையில், ஒன்று கொடியில். மணிக்கொரு முறை கையுறையைக் கழற்றிக் கையை ஆறவிட இடைவேளையும் வேண்டும். அந்த இடைவேளையில் கூலி குறையும் என்றால் யாரும் கழற்ற மாட்டார்கள், இடைவேளை தேவைப்படாத வெறுங்கைக்கே திரும்புவார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. கையுறை கடைசி வேலி. அதற்கு முன்னால் கட்ட வேண்டிய வேலிகள் உண்டு. கையால் அள்ளுவதற்குப் பதில் அகப்பை, தலைச்சுமைக்குப் பதில் தள்ளுவண்டி, முதுகு வளையாத நீளத்தில் காம்பு. கை உப்பைத் தொடுவதே குறைந்தால், கையுறைக்கும் வேலை குறையும். காலுக்கும் இதே கதைதான். பாத்தியை மிதித்துப் பதப்படுத்தும் காலுக்கும் கல்லுப்பின் மேல் நடக்கும் காலுக்கும் ஒரே பூட்ஸ் பொருந்தாது. அங்கேயும் அளவு எடுக்காமல் வாங்கியது மூலையில் கிடக்கும்.

பாதுகாப்புச் சாதனத்தைப் போட்டால் பலன் உண்டா என்ற சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. ராஜஸ்தானில், ஜோத்பூரின் பாலைவன மருத்துவ ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் உப்பு அரவை ஆலைகளின் பக்கத்தில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார்கள். முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்த சில நாள்களிலேயே அவர்களுடைய இரத்த அழுத்தம் இறங்கியதை 2005இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. உப்பு உடம்புக்குள் போகும் வழியை அடைத்தால் உடம்பு உடனே நன்றி சொல்கிறது.

யார் கொடுக்க வேண்டும்?

உப்பளம் திறந்தவெளி, அது ஆலை ஆகுமா என்று ஒரு காலத்தில் வழக்கு நடந்தது. கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான், கூரை இல்லாவிட்டாலும் உப்பளம் தொழிற்சாலையே என்று 1961இல் பம்பாய் உப்பளம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பாதுகாப்புக்காகச் செய்து தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. கையுறையின் விலையைக் கூலியில் கழிப்பது சட்டப்படி தவறு.

சின்னச் சின்னக் குத்தகைகளாகப் பிரிந்து கிடக்கும் அளங்களில் சட்டம் சுற்றிவளைத்துத்தான் வந்து சேரும். நாலைந்து பேரை வைத்து நடத்தும் குத்தகைதாரர் தனியாகப் போய் 6ஆம் எண் கையுறை கேட்டால் கடைக்காரர் இருப்பில் இல்லை என்பார். எல்லோரும் சேர்ந்து கேட்டால் வரவழைத்துத் தருவார். உப்பளச் சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் செய்யக்கூடிய வேலை இது. ஒரு நோட்டில் பெயர், கை அளவு, செய்யும் வேலை என்று மூன்று பத்தி போட்டு எழுதினால் போதும். அரசு, சங்கம், தொண்டு நிறுவனம் என்று யார் வாங்கினாலும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மொத்தமாக வாங்கும் முன் பத்துப் பேரிடம் ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்றதை வாங்கவே கூடாது. கையுறையைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் உப்பு அள்ளும் பெண்கள் இருவராவது உட்கார வேண்டும். விலைப்பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்களைவிட, எங்கே கிழியும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி அளங்களில் வாழ்ந்தவர்களோடு பழகி 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் தொழிலாளிகளின் உடம்பு படும் பாடு தமிழ் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அறிந்த பாட்டைக் குறைக்க ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போவதுதான் இன்னும் பாக்கி.

அதற்கு ஏற்ற காலமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் நிரம்பி வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. அப்போது கைகள் சும்மா இருக்கும், வெடிப்புகள் ஆறத் தொடங்கியிருக்கும், நிவாரணத்துக்காகப் பெயர்ப் பட்டியலும் தயாராக இருக்கும். அதே பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கை அளவை எழுதிவிடுங்கள். தை பிறந்து பாத்தியில் இறங்கும்போது ஒவ்வொருவருக்கும் தன் கைக்கேற்ற இரண்டு ஜோடி கையுறை தயாராக இருக்கட்டும். அளவு நாடாவின் விலை இருபது முப்பது ரூபாய்க்கு மேல் இல்லை.